9 வாரக் கர்ப்பம். சைட்டோமெகலோ வைரஸ் ஐ.ஜி.எம். பாசிட்டிவ். கலைத்துவிடலாமா?

கேள்வியின் கடைசிச் சொல்லைப் படித்ததும் மற்ற வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்த வைரஸ் தாயிடமிருந்து வயிற்றுக் குழந்தைக்குப் பரவினால் பாதிப்பு வரலாம் என்பதுதான் உங்கள் பயம். கையில் அந்த ஒரு பரிசோதனைத் தாள்தான் இருக்கும், இரண்டு நாளாகத் தூக்கமும் இருக்காது என்று நினைக்கிறேன். அவசரப்பட்டு எதையும் முடிவு செய்துவிடாதீர்கள்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, பத்தாவது வாரத்தில் எனக்கும் இதே பரிசோதனை முடிவு வந்தது. இரவு பத்து மணிக்கு மேல் செல்பேசிக்கு அனுப்பினார்கள். தடித்த சிவப்பு எழுத்தில் ‘பாசிட்டிவ்’. விளக்கம் சொல்ல அந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள்? மறுநாள் நான் பார்த்த மருத்துவர் தாளைப் புரட்டிவிட்டு, “சின்ன வாரம்தானே, யோசித்துக்கொள்ளுங்கள்” என்றார். அதைக் கேட்டுவிட்டுப் படி இறங்கியது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

இன்னொரு மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஐ.ஜி.ஜி. பார்த்தீர்களா, அவிடிட்டி பார்த்தீர்களா?” ஐ.ஜி.எம். என்பது தொற்று வந்த புதிதில் உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி. ஆனால் இந்த வைரஸில் அது பல மாதம் ரத்தத்தில் தங்கிவிடும். சிலருக்கு வேறு தொற்றினாலும் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். ஐ.ஜி.ஜி. பிறகு வந்து ஆயுசுக்கும் இருப்பது. அது வைரஸை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று அளப்பதுதான் அவிடிட்டி. பிடி தளர்வாக இருந்தால் தொற்று கடந்த மூன்று நான்கு மாதத்துக்குள் வந்திருக்கலாம். பிடி இறுகியிருந்தால் அதற்கும் முந்தையது, உங்கள் வாரத்தில் பார்த்தால் கரு தங்குவதற்கு முன்பே வந்துபோனது என்று அர்த்தம்.

எனக்கு அவிடிட்டி அதிகம் என்று வந்தது. பழைய தொற்று. அப்படி இருந்தாலும் குழந்தைக்குப் போகவே போகாது என்று சொல்ல முடியாது, வாய்ப்பு மிகக் குறைவு, அவ்வளவுதான். பிறந்ததும் மூன்று வாரத்துக்குள் குழந்தையின் சிறுநீரைச் சோதித்தோம். வைரஸ் இல்லை.

நான் மருத்துவர் இல்லை. ‘இவள் யார் வைத்தியம் சொல்ல’ என்று சிலர் வரலாம். வைத்தியம் சொல்லவில்லை, எந்தச் சோதனையைக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். கலைப்பவர்களைக் குறை சொல்லவும் இல்லை, அது அவரவர் முடிவு. அரைகுறைத் தகவலை வைத்து அந்த முடிவை எடுக்க நேரக்கூடாது என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள்: எங்கே போனாய், எதைத் தொட்டாய் என்று. என் கணவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்த வைரஸ் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருப்பது. மூன்று வயது மூத்தவனுக்குத் துணி மாற்றியதும், அவன் எச்சில் கரண்டியை வாயில் வைத்ததும்தான் நான் செய்த குற்றமா? பிள்ளை வளர்க்கும் யார்தான் அதைச் செய்யவில்லை?

சரி, உங்கள் விஷயம். அவிடிட்டி குறைவு என்று வந்தாலும் குழந்தைக்குப் பரவிவிட்டது என்று பொருளில்லை. பல கர்ப்பங்களில் பரவுவதே இல்லை. இருபது வாரத்துக்குப் பிறகு, தொற்று வந்து குறைந்தது எட்டு வாரமாவது கழித்து, பனிக்குட நீரை எடுத்து, குழந்தைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாளைக்கே பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து, முதலில் எடுத்த ரத்தம் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதிலேயே ஐ.ஜி.ஜி.யும் அவிடிட்டியும் பார்க்கச் சொல்லலாம்.