பையனும் இல்லை, கட்டிலும் இல்லை

கேள்வி: சென்ற இதழில் 'உறுப்பினர்கள் கூட்டத்தைப் பாய்காட் செய்தனர்' என்று எழுதியிருந்தீர்கள். 'தடை செய்தனர்' என்று நல்ல தமிழ் இருக்கும்போது இந்தச் சொல் எதற்கு? 'பாய்' என்றால் பையன், 'காட்' என்றால் கட்டில். வேலைக்காரப் பையன் வேலைக்குப் போகாமல் கட்டிலில் படுத்துக்கொண்டதால் வந்த சொல் என்று எங்கள் ஆசிரியர் சொல்லித் தந்தார். சரிதானா?

பதில்: சரியில்லை. அந்தக் கதை தவறு; 'தடை செய்தனர்' என்பது அதைவிடப் பெரிய தவறு.

பாய்காட் என்பது ஒரு மனிதரின் பெயர். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் இங்கிலாந்தில் பிறந்தவர். அயர்லாந்தின் மேயோ பகுதியில், லாக் மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் நிலங்களைக் கவனித்துக்கொண்ட காரியஸ்தர். 1880இல் குத்தகை விவசாயிகள் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பரில் வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க ஆள் வந்தபோது, ஊர்ப் பெண்கள் கல்லும் சேறும் சாணமும் வீசி விரட்டினார்கள்.

அதற்குச் சில நாள் முன்புதான், செப்டம்பர் 19 அன்று, குத்தகை விவசாயிகளுக்காகப் போராடிய நிலச் சங்கத்தின் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் என்னிஸ் நகரில் பேசியிருந்தார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்கிறவனை என்ன செய்யலாம் என்று கூட்டத்தைக் கேட்டார். 'சுட்டுத் தள்ளு' என்று குரல்கள் எழுந்தன. வேண்டாம் என்றார் அவர். தெருவில் கண்டால் பேசாதீர்கள், கடையில், சந்தையில், கோயிலில்கூட அவனைத் தனியே விட்டுவிடுங்கள் என்றார்.

மேயோ மக்கள் அதைக் காரியஸ்தர்மேலேயே செய்து காட்டினார்கள். வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். கொல்லர் வரவில்லை, துணி வெளுப்பவர் வரவில்லை, கடைக்காரர் சாமான் தரவில்லை. வயலில் விளைந்தது வயலிலேயே நின்றது. கடைசியில் வெளியூரிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் படைவீரர்களும் போலீசாரும். ஏறக்குறைய 500 பவுண்டு பணம் பெறும் விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு செலவு என்று கணக்கிட்டார்கள். ஒரு டர்னிப் கிழங்குக்கு ஒரு ஷில்லிங் என்றார் பார்னெல். அந்த ஆண்டு முடிவதற்குள் பாய்காட் அயர்லாந்தை விட்டே போய்விட்டார்.

வினைச்சொல் பிறந்தது ஒரு சாப்பாட்டு மேசையில். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதிவைத்த தகவல் இது. அவர் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருக்கிறார். என்ன விஷயம் என்று கேட்கிறார் எதிரே இருந்த பாதிரியார் ஜான் ஓமாலி. சமூக விலக்கத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு கிரேக்கச் சொல் இருக்கிறது, ஆனால் அது குடியானவர்களுக்குப் புரியாதே என்கிறார் ரெட்பாத். ஓமாலி நெற்றியைத் தட்டிக்கொள்கிறார். 'அவரைப் பாய்காட் செய்வது என்று சொன்னால் என்ன?' 1880 நவம்பரிலேயே லண்டன் 'டைம்ஸ்' அந்தச் சொல்லை அச்சிட்டுவிட்டது. பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானியம் என்று எங்கும் பரவியது. 1897இல் இறந்த பாய்காட், தன் பெயர் வினைச்சொல்லாகி உலகம் சுற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

உங்கள் கட்டிலுக்கு வருகிறேன். பாய்காட் என்ற குடும்பப் பெயர் ஓர் இடப்பெயரிலிருந்து வந்தது. அதிலுள்ள 'காட்' பழைய ஆங்கிலத்தில் குடிசையைக் குறிக்கும். படுக்கும் 'காட்' வேறு. அது இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது, நம் 'கட்டி'லோடு உறவுள்ளது என்று அகராதியாளர்கள் காட்டுவார்கள். உங்கள் ஆசிரியர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

இனி 'தடை'. தடை விதிக்க அதிகாரம் வேண்டும். பாய்காட் செய்ய அதிகாரம் வேண்டாம். 'நான் வரமாட்டேன், வாங்கமாட்டேன், பேசமாட்டேன்' என்று விலகிக்கொண்டால் போதும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக் குழு சேர்க்கவில்லை. அது தடை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு அமெரிக்கா போகவில்லை. அது பாய்காட், போட்டிகள் நடந்தன. கூட்டத்தை உறுப்பினர்கள் தடை செய்திருந்தால் கூட்டமே நடந்திருக்காது. நடந்தது, அவர்கள் போகவில்லை. நீங்கள் சொன்னபடி திருத்தியிருந்தால் செய்தியே பொய்யாகியிருக்கும்.

வெறுமனே போகாமல் இருப்பதும் பாய்காட் ஆகாது. காய்ச்சல் வந்து கூட்டத்துக்குப் போகாதவர் அதைப் பாய்காட் செய்யவில்லை. எதிர்ப்பு இருக்க வேண்டும், அது எதிராளிக்குத் தெரியவும் வேண்டும். ஒருவர் தனியாகச் செய்தாலும் இந்தச் சொல் பொருந்தும் என்றாலும், பலர் சேர்ந்து செய்வதுதான் அதன் இயல்பான பொருள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 'புறக்கணித்தனர்' என்றே எழுதியிருக்கலாம். முதியவர்களைக் கவனிக்காமல் விடுவதையும் புறக்கணிப்பு என்கிறோமே, குழப்பம் வருமோ என்று தயங்கினோம். கூட்டத்தைப் புறக்கணித்தனர் என்றால் யாருக்கும் குழப்பம் வராது. அடுத்த முறை அப்படியே எழுதுகிறோம்.