புதிய சபாநாயகருக்கு வாழ்த்து அனுப்ப இடையில் ஆள் எதற்கு?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் நலன்புரிச் சங்கம், 2024 நவம்பர் 21இல் தெரிவான இலங்கைப் பாராளுமன்றச் சபாநாயகருக்கு வாழ்த்துக் கடிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தது. அனுப்பும் முன்பே டிசம்பர் 13இல் அவர் பதவி விலகிவிட்டார். 17இல் புதியவர் தெரிவாகியிருக்கிறார். பெயரை மட்டும் மாற்றி அதையே அனுப்பலாமா? தமிழில் எழுதினால் போதுமா? எங்கள் ஒழுங்கை வடிகான் பிரச்சினையையும் அதில் சேர்க்கலாமா? 20,000 ரூபா தந்தால் நேரில் பொன்னாடை போர்த்திப் படம் எடுக்க ஒழுங்கு செய்வதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்த 20,000 ரூபா. கொடுக்காதீர்கள். சபாநாயகரை வாழ்த்த ஒரு சதமும் கட்டணம் இல்லை, தபால் செலவு மட்டும்தான். புதிதாக யார் பதவிக்கு வந்தாலும் இப்படி நாலு பேர் கிளம்பிவிடுகிறார்கள். அமைச்சர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் படங்களைக் கைத்தொலைபேசியில் காட்டுவார்கள். ஏதாவது விழாவில் பத்து விநாடி முண்டியடித்தால் யாருக்கும் அப்படி ஒரு படம் கிடைக்கும். காசு கைமாறியதும் ‘பாதுகாப்பு அனுமதி இன்னும் வரவில்லை, அடுத்த அமர்வு முடியட்டும்’ என்று இழுப்பார்கள். பற்றுச்சீட்டு இல்லாத காசை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அதில் ஒரு பங்கு அதிகாரிக்குப் போகிறது என்று அவர் சொன்னால் இன்னும் மோசம். அது இலஞ்சம். கொடுத்தவரும் குற்றவாளிதான். சங்கக் காசு உறுப்பினர்களின் சந்தாக் காசு, அதை மறக்க வேண்டாம்.

சரி, கடிதத்துக்கு வருவோம். பழையதில் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். அதில் ‘கலாநிதி’ என்று அடித்திருப்பீர்கள். முன்னவர் விலகியதே அந்தப் பட்டம் பற்றிய கேள்வியால்தான். புதியவர் ஜகத் விக்கிரமரத்ன மருத்துவர். அவருக்கு ‘வைத்தியர்’ அல்லது ‘வைத்திய கலாநிதி’ என்று போட வேண்டும். வெறுமனே ‘கலாநிதி’ என்றால் நம் வழக்கில் ஆய்வுப் பட்டம் பெற்றவர் என்றாகிவிடும். உறையில் பெயரே வேண்டாம்: ‘கௌரவ சபாநாயகர், பாராளுமன்றம், ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே’. இன்னும் காலிமுகத்திடல் முகவரியை எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். பாராளுமன்றம் அங்கிருந்து கோட்டேயில் உள்ள தியவன்னா ஓயாவுக்குப் போனது 1982இல்.

உள்ளே மூன்று வரி போதும்: ‘பாராளுமன்றத்தின் சபாநாயகராகத் தாங்கள் தெரிவாகியமைக்கு எமது சங்கத்தின் வாழ்த்துகள். எல்லா உறுப்பினர்களின் உரிமைகளையும் சமமாகக் காத்து அவையை நடத்துவீர்கள் என நம்புகிறோம். தங்கள் பணி சிறக்கட்டும்.’ கட்சியின் வெற்றியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். வாக்குகள் இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டுமே வாக்களிக்கிற ஆசனம் அது.

தமிழில் தாராளமாக எழுதுங்கள். தமிழில் எழுதவும் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தருகிறது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் அதைத் தெளிவாக்கியது. ஆனால் நான் அரச மொழிபெயர்ப்பாளராக இருந்த காலத்தில் ஓர் அலுவலகத்தில் கண்டது வேறு. தமிழ்க் கடிதம் ஒன்று மேசைக்கு மேசை சுற்றி, கடைசியில் என்னிடம் வந்தபோது, அதில் கேட்டிருந்த திகதியே கடந்துபோயிருந்தது. இத்தனை வருடமாகியும் ஒரு கடிதத்தை வாசிக்க ஆள் தேட வேண்டியிருப்பது மன்னிக்க முடியாதது. அதற்காக, பயந்து ஆங்கிலத்துக்கு மாறாதீர்கள். சிங்களப் பிரதி ஒன்றை இணைத்தால் வேலை வேகமாக நடக்கும், ஆனால் அது உங்கள் கடமை அல்ல.

வடிகானை இதில் சேர்க்காதீர்கள். அது கொழும்பு மாநகர சபையின் வேலை. பாராளுமன்றத்துக்கு மனுவாகவே போக வேண்டிய விடயம் இருந்தால், ஒரு பாராளுமன்ற உறுப்பினர் மூலமாகத்தான் சமர்ப்பிக்க வேண்டும். அதற்கும் காசு கேட்க ஆள் வரும். எந்த உறுப்பினரிடமும் நீங்களே நேராகப் போகலாம்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சபாநாயகர் பொலன்னறுவை மாவட்டத்தின் உறுப்பினராகவும் தொடர்கிறார். உங்கள் சங்கத்தில் அந்த மாவட்டத்து மன்னம்பிட்டிக்காரர் யாராவது இருந்து, ஊரில் குளம், பாதை என்று குறை இருந்தால், தம்முடைய பிரதிநிதி என்ற முறையில் அவருக்கு எழுதலாம். ஆனால் தனிக் கடிதம், தனி உறை, ஊர் முகவரி, ஊர்க்காரரின் கையெழுத்து. சங்கத்தின் கடிதத் தலைப்பில் எழுதக்கூடாது. கொழும்பில் வாக்குப் பதிவு உள்ளவர், பிறந்த ஊர் மன்னம்பிட்டியாக இருந்தாலும், சபாநாயகருடைய தொகுதி வாக்காளர் அல்ல. ஊரில் இருக்கும் அண்ணனோ தங்கையோ எழுதட்டும். வாழ்த்துக் கடிதத்தின் அடியில் ‘மேலும் ஒரு வேண்டுகோள்’ என்று தொடங்கவே கூடாது.

தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் போடுங்கள். பற்றுச்சீட்டைச் சங்கக் கோப்பில் ஒட்டி வையுங்கள். பொன்னாடையை, ஒழுங்கையைத் தினமும் கூட்டுகிற அந்த அம்மாவுக்குப் போர்த்துங்கள்.