கொட்டகைக் கேள்விகள்

(பதில் சொல்பவர் நீடாமங்கலம் பக்கத்து விவசாயி. ராத்திரி மோட்டார் கொட்டகையில் காவல் இருக்கும்போது பி.எஸ்.பி. என்ற சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியில் சண்டை கேம்களை ஆடி முடித்து, பத்துக்கு இத்தனை என்று நோட்டில் மார்க் எழுதி வைப்பவர்.)

அண்ணே, போன இதழில் 'காட் ஆஃப் வார்: செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்' கேமுக்கு 9 போட்டீர்கள். ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும் அதற்கு ஒன்பது. மாதக்கணக்கில் ஆடினாலும் தீராத 'மான்ஸ்டர் ஹன்டர் ஃப்ரீடம் யுனைட்'டுக்கு வெறும் 6. இது என்ன கணக்கு?
– திருவையாறு வாசகர்

மணிக் கணக்குப் பார்த்தால் எங்கள் போர் மோட்டாருக்குத்தான் தம்பி பத்துக்குப் பத்து. ராத்திரி முழுக்க ஓடும்.

நான் முதலில் பார்ப்பது கை. பி.எஸ்.பி.யை எடுத்துப் பாருங்கள். டிவியில் மாட்டி ஆடும் கன்ட்ரோலரில் இரண்டு குச்சி இருக்கும், ஒன்று நடக்க, ஒன்று திரும்பிப் பார்க்க. இதில் இடது பக்கம் ஒரே ஒரு குமிழ். அப்போது திரும்பிப் பார்க்க எதை அழுத்துவது? இந்த ஒரு கேள்விக்கு ஒரு கேம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதிலேயே என் மார்க்கில் பாதி போய்விடும்.

மான்ஸ்டர் ஹன்டரில் நடப்பது குமிழில், கேமரா அதற்கு நேர் மேலே இருக்கும் அம்புக்குறிப் பட்டன்களில். இரண்டும் இடது கை. கட்டைவிரல் குமிழில் இருக்கும்போதே ஆள்காட்டி விரலை மடக்கி, மேலிருந்து அம்புக்குறியை அழுத்த வேண்டும். வரப்பில் வளையைவிட்டு எட்டிப் பார்க்கும் நண்டின் கொடுக்கு மாதிரி கை வளைந்து நிற்கும். நான் நண்டுப் பிடி என்றே சொல்வேன். பனிமலையில் போப்போ என்ற மிருகத்தின் நாக்கைச் சேகரிக்கப் போன இடத்தில் டைக்ரெக்ஸ் என்ற ராட்சசப் பிராணி திடீரென்று வந்து நிற்கும். அது பாய்ந்துவிட்டு நம் முதுகுப் பக்கம் போய்த் திரும்பும். அது எங்கே என்று பார்ப்பதற்குள் அடுத்த பாய்ச்சல். பத்து நிமிஷம் இப்படி ஆடினால் விரல் கணுவெல்லாம் வலி. பகலில் மண்வெட்டி பிடித்த கை வேறு. கேம் நல்ல கேம்தான், கோபம் இல்லை. என் கைக்கு 6.

செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸில் கேமராவைக் கேமே பார்த்துக்கொள்கிறது. எங்கிருந்து காட்ட வேண்டும் என்று செய்தவர்களே முடிவுசெய்து வைத்துவிட்டார்கள். நமக்கு அந்த வேலையே இல்லை. டிவியில் மாட்டும் பிளேஸ்டேஷன் 2-இல் வந்த காட் ஆஃப் வாரில் வலது குச்சியைத் தள்ளினால் கதாநாயகன் க்ரேட்டோஸ் உருண்டு விலகுவான். இங்கே அந்தக் குச்சி இல்லையே என்று, மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பட்டன்களையும் சேர்த்துப் பிடித்துக் குமிழைத் தள்ளச் சொல்கிறார்கள். இரண்டு நாளில் பழகிவிடும். செய்தது ரெடி அட் டான் என்ற கம்பெனி. இதற்கு முன்னால் பி.எஸ்.பி.க்கே 'டாக்ஸ்டர்' செய்து கை பழகியவர்கள். அது தெரிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், செத்துப்போன மகள் கலையோப்பியைக் க்ரேட்டோஸ் பார்த்துவிடுகிறான். அவள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். உலகம் அழியாமல் இருக்க வேண்டுமென்றால் அவளை விட்டுப் போக வேண்டும். அதை வெறும் காட்சியாகக் காட்டியிருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பேன். நம்மைச் செய்யவைக்கிறார்கள்: வட்டப் பட்டனை விடாமல் அழுத்தி அந்தக் குழந்தையைத் தள்ளிவிட வேண்டும். அதுவரை நூறு பேரைப் பிடித்துக் கொன்ற அதே பட்டன். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அழுத்தி முடித்துவிட்டு, பி.எஸ்.பி.யை வைக்கோல் மேல் வைத்துவிட்டுப் போய் மடையைப் பார்த்துவிட்டு வந்தேன். மடையில் ஒன்றும் வேலை இல்லை.

குறைத்த ஒரு மார்க், ஒரே வகை எதிரிகளைத் திரும்பத் திரும்ப இறக்கிவிட்டதற்காக.

பாதியில் விட்ட கேமுக்கு மார்க் போடலாமா? ஹாஸ்டலில் இதுபற்றிப் பெரிய சண்டை.
– குடவாசல், கல்லூரி மாணவர்

போடலாம், ஆனால் 'பாதி' என்று பக்கத்தில் எழுதிவிட வேண்டும். நான் முடிக்காமல் மார்க் போடுவதில்லை. அப்படி இருந்தும் ஒருமுறை ஏமாந்தேன்.

2010-இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட்: பீஸ் வாக்கர்'. 1974-இல் கோஸ்டா ரிகாவில் நடக்கும் கதை. கைக்கருவிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி: ஒவ்வொரு வேலையும் சின்னச் சின்னதாக இருக்கும். ஒரு வயலுக்குத் தண்ணீர் பாய்வதற்குள் இரண்டு வேலை முடியும். கேமராப் பிரச்சினைக்கும் மூன்று விதமாகப் பட்டன் வைத்து, பிடித்ததை எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். அதில் ஒன்றுக்குப் பெயரே ஹன்டர் வகை, மான்ஸ்டர் ஹன்டர் கைகளுக்காக. கதை முடிந்து பெயர்கள் எல்லாம் ஓடின. நோட்டைத் திறந்து 9 என்று எழுதினேன்.

அப்புறம்தான் தெரிந்தது, பெயர் ஓடினால் முடிந்ததாக அர்த்தம் இல்லை என்று. உண்மையான முடிவு அடுத்த அத்தியாயத்தில் இருக்கிறது. அதற்குப் போக, தப்பி ஓடும் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்து அடைத்தால் மறுபடி ஓடிவிடுவான். சொந்தமாக ஒரு ராட்சச இயந்திரத்தைக் கட்ட, உதிரிபாகங்களுக்காகப் பழைய இயந்திரங்களோடு மறுபடி மறுபடி மோத வேண்டும். அவற்றோடு நான்கு பேர் வரை சேர்ந்து மோதலாம் என்று வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்காரும் மூன்று நண்பர்களிடமும் பி.எஸ்.பி. இருந்தால் ஆயிற்று. எங்கள் கொட்டகையில் நான், ஒரு தவளை, மிச்சமெல்லாம் கொசு. ஒற்றையாய் அடித்தால் அந்த இயந்திரத்தின் உயிர்க்கோடு நகரவே நகராது.

அந்த 9-ஐ அடித்துவிட்டு 7½ என்று சிவப்பில் எழுதினேன். கடைசி முடிவு அருமை. அங்கே போகும் வழிதான் அறுந்த செருப்போடு நடந்த மாதிரி. ஹாஸ்டல் சண்டையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் சரி என்று சொல்லிவிடுங்கள்.

என் மகன் ஏழாம் வகுப்பு. சிங்கப்பூரில் இருந்து வந்த மாமா பி.எஸ்.பி.யும் காட் ஆஃப் வார் டிஸ்க்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆடவிடலாமா?
– மன்னார்குடி, ஒரு தாய்

டிஸ்க்கை வாங்கிப் பீரோவில் வைத்துவிடுங்கள் அம்மா. அமெரிக்கப் பதிப்பாக இருந்தால் அட்டையில் 'எம்' என்று போட்டிருக்கும். 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று பொருள். வெட்டு, ரத்தம், அதற்கு மேலும் உண்டு. ஒன்பது மார்க் போட்ட நானே சொல்கிறேன்: என் மகள் தூங்கின பிறகுதான் அதை எடுப்பேன். பையனுக்கு டாக்ஸ்டர் வாங்கிக் கொடுங்கள். கையில் பூச்சி மட்டையோடு குதித்துக் குதித்து ஓடும் கேம், சிரிப்பாக இருக்கும். அதற்கு நான் போட்டது 8. மாமாவை அடுத்த தடவை அட்டையைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

பழைய பி.எஸ்.பி. ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்?
– பேராவூரணி வாசகர்

முதலில் பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியைத் தரையில் படுக்கவையுங்கள். ஆடினால் உப்பியிருக்கிறது, தொடாதீர்கள். மூடி சரியாக மூடவில்லை என்றாலும் அதே சந்தேகம்தான். ஆனால் ஒன்று: முதல் மாடலின் பேட்டரி 1800 மில்லி ஆம்பியர், தடிமன். அடுத்து வந்த 2000, 3000 மாடல்களுக்கு 1200 தான், மெல்லிசு. தடித்ததை மெல்லிய மாடலுக்குள் போட்டு விற்பவர்கள் உண்டு, அப்போதும் மூடாது.

அடுத்து, ஏதாவது கேமைப் போட்டுக் குமிழில் இருந்து கையை எடுத்துவிடுங்கள். ஆள் தானாக நடந்தால் குமிழ் போய்விட்டது. டிஸ்க் போடும் வாயைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். சிரிக்காதீர்கள். என்னுடையதில் ஒரு மழைக்காலத்தில் சிற்றெறும்பு குடியேறிவிட்டது. டிஸ்க் சுற்றும்போது கரகரவென்று சத்தம், உள்ளே முட்டை.

பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று விற்பவரைக் கேட்காதீர்கள், கேமைக் கேளுங்கள். பி.எஸ்.பி. வந்த புதிதில் அதன் மூளையை 222 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடவிடாமல் சோனி கட்டி வைத்திருந்தது. 2007-இல் அந்தக் கட்டை அவிழ்த்து 333 வரை விட்டார்கள். செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் அந்த முழு வேகத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். படம் அவ்வளவு அழகாக இருப்பதற்கும் பேட்டரி சீக்கிரம் படுப்பதற்கும் ஒரே காரணம். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு ஊரில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்துக் காசு வாங்கி செல்போன் சார்ஜ் போட்டார்கள். நானும் இதை மடியில் மறைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, துபாயில் இருக்கும் பையனிடம் பேச வேண்டும் என்று போனை நீட்டிக்கொண்டிருந்தது. பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இதே கேம்களைப் போனில் ஆடலாமே அண்ணே? எதற்கு இந்தப் பழைய பெட்டி?
– வலங்கைமான் வாசகர்

ஆடலாம். பி.பி.எஸ்.எஸ்.பி.பி. என்ற செயலி இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது, படம் இன்னும் துல்லியம். ஆனால் கண்ணாடியைத் தடவிக்கொண்டு காட் ஆஃப் வார் ஆடுவது கையுறை போட்டுக்கொண்டு நாற்று நடுகிற மாதிரி. தனியாக ஒரு கன்ட்ரோலர் வாங்கி மாட்டினால் சரி. எனக்கு இன்னொரு வசதி: மோட்டார் நின்றால் பி.எஸ்.பி.யின் ஓரத்துச் சுவிட்சை ஒரு தள்ளு, அப்படியே உறங்கிவிடும். திரும்பி வந்து தள்ளினால் ஓங்கின வாள் ஓங்கினபடி நிற்கும்.

விளையாட்டு கவனத்தில் மடை உடைந்து போனதில்லையா?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

யாரோ சொல்லித்தான் கேட்கிறீர்கள் போலிருக்கிறது.

வழக்கமாக வலது காதில் மட்டும்தான் ஹெட்போன், இடது காது மோட்டாருக்கு. தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே சுற்றினால் சத்தம் மெலிந்து கீச்சென்று மாறும், தூக்கத்திலும் எனக்குத் தெரியும். மடை உடைவதற்குச் சத்தம் இல்லை, அதுதான் வினை. குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, பி.எஸ்.பி.யின் இன்னொரு காட் ஆஃப் வார் கேமான 'கோஸ்ட் ஆஃப் ஸ்பார்டா'வின் கடைசிச் சண்டையில் இருந்தேன். க்ரேட்டோஸும் தம்பி டெய்மோஸும் சேர்ந்து சாவுக்கடவுள் தனாடோஸோடு மோதும் இடம். அண்ணன் தம்பி ஒற்றுமையைப் பார்த்து நெகிழ்ந்துபோய் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். முடித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் மடை அறுந்து, தண்ணீரெல்லாம் பங்காளி வயலில். அன்றைக்குத்தான் அவர் விதை விட்டிருந்தார். முளைகட்டின நெல் ஒரு மூலையில் குவிந்து மிதந்தது.

விதைநெல் வாங்கிக் கொடுத்தேன். நோட்டில் கோஸ்ட் ஆஃப் ஸ்பார்டா 8½ என்று இருக்கும். 9 வந்திருக்க வேண்டியது. அரை மார்க்கைப் பங்காளி பிடித்துக்கொண்டார்.