மெக்சிகோ கலையை நாம் சொல்லித்தரலாமா?

தம்பி, ஹூஸ்டனில் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை வரும் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தோர்) பாரம்பரிய மாதத்துக்கு, நாலாம் வகுப்புக்கு மெக்சிகோ நாட்டுப்புறக் கலை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "பாதி வகுப்பு மெக்சிகோ பிள்ளைகள், மதுரைக்காரன் நான் என்னக்கா சொல்லித்தர?" என்று கேட்கிறீர்கள். தாராளமாகச் சொல்லித்தரலாம். இதே ஊரில் பல வருடமாக இதை எடுக்கிறேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாதிப் பேர் யாரென்று விசாரியுங்கள். ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளையெல்லாம் மெக்சிகோ பிள்ளை இல்லை. எல் சால்வடார், ஹோண்டுராஸ் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்தப் பிள்ளைகளை மெக்சிகோக்காரர் என்று அழைத்தால் மனம் சுருங்கிவிடும். மெக்சிகோ பிள்ளையாகவே இருந்தாலும், எல்லார் முன்னாலும் எழுப்பி "உங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்காதீர்கள். டெக்சஸிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாமலே இருக்கலாம். தானாக வந்து சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

அப்புறம், எதை எடுப்பது? பாபெல் பிகாதோவில் தொடங்குங்கள். மெல்லிய வண்ணத் தாளில் பூவும் பறவையும் எழுத்துமாக வெட்டி, நம் கோயில் திருவிழாத் தோரணம் போலத் தெருவுக்குக் குறுக்கே கட்டுவார்கள். புவெப்லா மாநிலத்து உயிஸ்கொலோத்லா ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே கத்தரி கிடையாது. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கனமாக அடுக்கி, மேலே வரைபடத்தை வைத்து, உளியும் சுத்தியலுமாகக் கொத்தி எடுப்பார்கள். ஓர் அடுக்கில் 50 தாள் வரைகூட இருக்கும். அந்த வேலையைக் காட்டும் வீடியோவை முதலில் போட்டுக் காட்டுங்கள்; பிறகு கத்தரியைக் கொடுங்கள். நாம் செய்வது அதன் எளிய வடிவம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் உண்மையான பாடம், வெட்டாமல் விடும் இடம்தான். பறவையைச் சுற்றி முழுதாக வெட்டினால் பறவை கீழே விழுந்துவிடும். இறக்கையோ அலகோ எங்காவது ஓரிடத்தில் தாளோடு ஒட்டி நிற்க வேண்டும். வியட்நாம் பிள்ளை, நைஜீரியப் பிள்ளை, மெக்சிகோ பிள்ளை எல்லாரும் அந்த இடத்தில் ஒன்றுபோல் நெற்றியைச் சுருக்கி யோசிப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

பாரம்பரியம் என்றாலே ஆயிரம் வருடப் பழசு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அதற்கு அலெப்ரிஹே என்னும் விசித்திர மிருக உருவங்கள் நல்ல பதில். மெக்சிகோ நகரத்தில் காகிதக்கூழ் உருவங்கள் செய்துவந்த பெத்ரோ லினாரெஸ், 1936-இல் கடும் காய்ச்சலில் கிடந்தபோது கனவில் கண்ட விசித்திர மிருகங்கள் அவை என்பார்கள். ஓஹாகா மாநிலத்துப் பக்கம் அதையே கோபல் என்னும் மரத்தில் செதுக்குகிறார்கள். ஆளின் பேரையும் ஊரின் பேரையும் சொல்லியே பாடம் எடுங்கள். "மெக்சிகோ கலை" என்று மொத்தமாகச் சொன்னால் செய்த கைகள் மறைந்துபோகும்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன்: ஐஸ் குச்சியில் கம்பளி நூல் சுற்றிச் செய்யும் "கடவுளின் கண்". எல்லாப் பள்ளியிலும் செய்கிறார்கள், சுலபம்தான். ஆனால் மெக்சிகோவின் பழங்குடியினரான விச்சோல் மக்களுக்கு அது வழிபாட்டுப் பொருள். கைவேலை நேரத்தை நிரப்ப வேறு எவ்வளவோ இருக்கிறது.

நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் இறந்தோர் நாளைப் பற்றியும் கேட்பார்கள். அதை ஹாலோவீனோடு சேர்க்காதீர்கள். இறந்தவர்களை வீட்டுக்கு வரவேற்கும் நாள் அது, படையலில் செண்டுமல்லி குவிந்திருக்கும். நாம் மாலை கட்டும் அந்தப் பூவின் தாயகமே மெக்சிகோதான் என்று சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும். வகுப்பில் படையல் வைப்பதானால் பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பிவிடுங்கள். மெக்சிகோ குடும்பங்களிலேயே மத காரணத்தால் இதைக் கொண்டாடாதவர்கள் உண்டு. இறந்தவர் படத்தைக் கொண்டு வா என்று எந்தப் பிள்ளையையும் கேட்க வேண்டாம்.

கடைசியாக, தாளின் மேல்விளிம்பில் ஓர் அங்குலம் வெட்டாமல் விடச் சொல்லுங்கள், நூலின்மேல் மடித்து ஒட்ட அது வேண்டும். ஒட்டுவதற்குக் குச்சிப் பசையே வாங்குங்கள். தண்ணீர்ப் பசை பட்டால் அந்தத் தாள் ஊறிக் கிழிந்துவிடும்.