நிக்கோடிமஸ் ஏன் தேய்ந்தது?

கேள்வி: அமெரிக்க அரசு அந்தக் காலத்தில் ஆளுக்கு 160 ஏக்கர் நிலத்தை இலவசமாகக் கொடுத்தது. வெற்று நிலத்தில் உழைத்தவர்கள் ஊர்களை உண்டாக்கினார்கள். கறுப்பின மக்கள் கன்சாஸ் மாநிலத்தில் அமைத்த நிக்கோடிமஸ் மட்டும் தேய்ந்துவிட்டது. உழைப்பில் குறை என்பதைத் தவிர இதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? இப்போது அங்கே யாராவது இருக்கிறார்களா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: விசாரணைக்கு முன்பே தீர்ப்பை எழுதிவிட்டீர்கள். அந்தத் தீர்ப்பு ஓர் ஊரார்மேல் பழி போடுவதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1877 ஏப்ரலில் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையரான நிலத்தரகரும், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும், வேறு சிலரும் சேர்ந்து நிக்கோடிமஸ் குடியேற்றத்துக்கான கம்பெனியைத் தொடங்கினார்கள். செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து முந்நூறு பேர் அளவில் ரயிலேறி வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். ரயில் அவர்களை எல்லிஸ் என்ற நிலையத்தில் இறக்கிவிட்டது; அங்கிருந்து ஊருக்கு ஏறத்தாழ 35 மைல். அடுத்த வசந்தத்தில் இதே வழியில் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி தாம் கண்டதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஊர் வந்துவிட்டது என்று ஆண்கள் கூவியபோது, அவர் கண்ணுக்கு ஒரு வீடும் தென்படவில்லை. எங்கே ஊர் என்று கேட்டதற்கு, தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்த புகையைக் கணவர் சுட்டிக்காட்டினார். மரமில்லாத அந்தப் புல்வெளியில் மக்கள் மண்ணைத் தோண்டி, குழிக்குள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் தாம் அழுதுவிட்டதாக அவர் ஒளிக்காமல் சொல்கிறார். சில குடும்பங்கள் வந்த வழியே திரும்பிவிட்டன. தங்கியவர்கள் போதிய ஏரும் மாடும் இல்லாமல் மண்வெட்டியாலும் களைக்கொத்தாலும் புல்தரையைக் கொத்தி விதைத்தார்கள். முதல் குளிர்காலத்தில், வேட்டைக்குப் போய்த் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்து உதவியதாக ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இவர்களையா உழைக்கத் தெரியாதவர்கள் என்கிறீர்கள்?

நிலம் இலவசம் என்ற பேச்சையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட சட்டம் தந்தது, ஐந்தாண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்து காட்டினால் பட்டா கிடைக்கும் என்ற வாக்குறுதியைத்தான். பதிவுக் கட்டணம் சிறு தொகை; ஆனால் முதல் அறுவடை வரை சாப்பிடவும், விதைக்கவும், கலப்பை வாங்கவும் பணம் வேண்டும். 160 ஏக்கர் என்ற கணக்கும் மண்ணைப் பார்த்துப் போட்டதன்று. ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக அளந்தால் ஒரு டவுன்ஷிப். அதில் 640 ஏக்கர் கொண்ட 36 கூறுகள். ஒரு கூற்றின் கால் பங்கு 160 ஏக்கர். மழை நன்றாகப் பெய்யும் கிழக்குப் பகுதிக்கு அது தாராளம். நூறாவது தீர்க்கரேகைக்கு மேற்கே வறண்ட நிலத்தில் அது போதவே போதாது, மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1878இலேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நிக்கோடிமஸ் அந்தக் கோட்டுக்குச் சற்றே கிழக்கில், மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்ற விளிம்பில் இருக்கிறது.

வெற்று நிலம் என்கிறீர்கள். கன்சாஸ் என்ற பெயரே அங்கு வாழ்ந்த கான்சா மக்களின் பெயர். நிக்கோடிமஸ் பிறப்பதற்கு நான்கே ஆண்டுகள் முன்பு, 1873இல், அவர்களை மாநிலத்தைவிட்டே அனுப்பிவிட்டார்கள். ஊர் தோன்றிய மறு ஆண்டு, தெற்கே கொண்டுபோய் அடைக்கப்பட்டிருந்த வட செயென் என்ற பழங்குடி மக்களில் ஒரு பிரிவினர் தப்பி, மேற்குக் கன்சாஸ் வழியாகத் தங்கள் பழைய நாட்டை நோக்கிப் போனார்கள். ஆள் இல்லாத நிலமன்று, ஆள் அகற்றப்பட்ட நிலம்.

ஊர் தேய்ந்த கதைக்கு வருகிறேன். 1880களின் நடுவில் நிக்கோடிமஸில் கடைகளும் ஹோட்டலும் தேவாலயங்களும் பள்ளியும் இருந்தன. இரண்டு செய்தித்தாள்கள்கூட வந்தன. இந்த ஊரில் குடியேறிய எட்வர்ட் மெக்கேப், 1882 தேர்தலில் வென்று கன்சாஸ் மாநிலத்தின் தணிக்கை அதிகாரி ஆனார். அப்போது ஊருக்கு இல்லாத ஒன்று ரயில் மட்டுமே. விளைந்த கோதுமையை விற்க வண்டி கட்டிக்கொண்டு தொலைதூர நிலையத்துக்குப் போகும் விவசாயிக்கு அது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. 1887இல் ஊரார் வாக்களித்து, மிசூரி பசிஃபிக் ரயில்வேக்கு 16,000 டாலர் கடன்பத்திரம் தர முன்வந்தார்கள். ரயில் வரவில்லை. அடுத்த ஆண்டு யூனியன் பசிஃபிக் கம்பெனி தண்டவாளம் போட்டது, ஆனால் சாலமன் ஆற்றின் தென்கரையில், சில மைல் தள்ளி. அங்கே போக் என்ற புதிய ஊர் முளைத்தது. வியாபாரிகள் ஒவ்வொருவராக ஆற்றைத் தாண்டினார்கள். சிலர் கடைக் கட்டடத்தையே பெயர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். ரயில் ஒதுக்கிய வெள்ளையர் ஊர்களும் அந்தச் சமவெளியில் இப்படியே கரைந்திருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் சோம்பல் என்று நீங்கள் காரணம் சொல்வதில்லை.

கடைத்தெரு போன பிறகும் சுற்றியிருந்த உழவர்கள் போகவில்லை. 1930களின் வறட்சியும் புழுதிப்புயலும்தான் அவர்களில் பலரைக் கிளப்பின. 1953இல் தபால் நிலையம் மூடப்பட்டது.

இப்போது நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மிகச் சிலரே. 1996இல் ஊர் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது; அதில் அடங்கிய ஐந்து கட்டடங்களில் ஒன்று, பொருளாதார மந்தக் காலத்து அரசுத் திட்டத்தில் சுண்ணாம்புக்கல்லால் கட்டி 1939இல் முடித்த டவுன்ஷிப் மண்டபம். ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில், அடிமை ஒழிப்பு நாளாகத் தொடங்கிய விழாவுக்கு வம்சாவளியினர் பல மாநிலங்களிலிருந்து அங்கே வந்து கூடுகிறார்கள்.