கையெழுத்து அப்பாவுடையதுதான், அதை மறைக்காதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 74, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மும்பை போலீஸ் என்று சொல்லி இரண்டு நாள் வாட்ஸ்அப் வீடியோவில் மிரட்டி, வைப்புத்தொகையை முறிக்கவைத்து, ஆர்டிஜிஎஸ் மூலம் 18 லட்சம் ரூபாயைப் பறித்துவிட்டார்கள். வங்கிக் கிளையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சைபர் மோசடி உதவி எண்ணான 1930-இல் புகார் செய்ததில், பணம் போய்ச்சேர்ந்த ஒரு கணக்கில் 4 லட்சம் முடக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்குக்காரர் 3 லட்சம் தருவதாகச் சமரசம் பேசுகிறார். அப்பாவைத் தினமும் திட்டும் அண்ணன், ‘அவருக்குத் தெரியாமல் பணம் போனது என்று எழுதிக்கொடுத்தால் வங்கியே முழுத் தொகையையும் தரும்’ என்கிறார். செய்யலாமா? - வாசகர், திருச்சி.

பதில்: செய்யாதீர்கள். கிளை ஊழியர்களின் அலட்சியம், அண்ணனின் கோபம் எல்லாம் இருக்கட்டும். ஆர்டிஜிஎஸ் படிவத்தில் கையெழுத்திட்டவர் யார் என்பதுதான் இங்கே கேள்வி. உங்கள் அப்பா. மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதி, வாடிக்கையாளர் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைக்கானது. பயந்துபோய் அவரே அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது என்றுதான் வங்கி வாதிடும். சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் அதில் கிடைக்கக்கூடிய பணத்தை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

அண்ணன் சொல்லும் வழியில் போய் நல்ல வழக்கைக் கெடுத்துக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். படிவம், வைப்புத்தொகையை முறிக்கக் கொடுத்த கடிதம், கிளையின் கேமரா பதிவு எல்லாம் வங்கியிடம் இருக்கின்றன. அவை வெளிவரும் நாளில் உங்கள் அப்பா பொய்ப் புகார் கொடுத்தவராகிவிடுவார். பொய்த் தகவல் கொடுப்பதைத் தண்டிக்கும், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 217-ஆம் பிரிவு ஒருபுறம் இருக்கட்டும். அதன் பிறகு அவர் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையோ அவருக்குச் சாதகமானது. அரசு ஊழியராக நடித்தது, மிரட்டிப் பறித்தது, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியது ஆகிய குற்றச்சாட்டுகளெல்லாம் ‘பயந்தேன், அனுப்பினேன்’ என்று அவர் தம் வாயால் சொல்வதில்தான் நிற்கின்றன. வீடியோ அழைப்பில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. அது தெரியாமல் அஞ்சியது குற்றமல்ல. அவர்தான் வழக்கின் முதல் சாட்சி என்று அண்ணனுக்குச் சொல்லுங்கள். வீட்டிலேயே அவரை நொறுக்கிவிட்டால் நீதிமன்றத்தில் பேச ஆளிருக்காது.

சமரசத்துக்கு வருவோம். 3 லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ‘இது நான் கிரிப்டோ நாணயம் விற்றதற்கு வந்த பணம்’ என்று கணக்குக்காரர் எதிர்த்து நின்றால், உரிமையை சிவில் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளும்படி குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) சொல்லிவிடக்கூடும். 74 வயதில் அந்தக் காத்திருப்பு வேண்டாம். ஆனால் ‘முதலில் முடக்கத்தை நீக்கச் சொல்லுங்கள், மறுநாள் தருகிறேன்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முடக்கம் நீங்கிய நிமிடமே பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின் கீழ், முடக்கிய பணத்தை விடுவிக்கக் கோரி நடுவர் நீதிமன்றத்தில் அப்பா மனுப் போடட்டும். 3 லட்சத்தை விடுவிக்க ஆட்சேபணை இல்லை என்று கணக்குக்காரர் அங்கேயே எழுதிக்கொடுக்கட்டும். பணம் நீதிமன்ற உத்தரவின்படி நேராக அப்பாவின் கணக்குக்கு வர வேண்டும். ‘என் கோரிக்கை முழுவதும் தீர்ந்தது’ என்ற வரி எந்தத் தாளில் இருந்தாலும் அதில் கையெழுத்திட வேண்டாம். மீதி 15 லட்சத்துக்கான வாசலை அந்த ஒரு வரி அடைத்துவிடும்.

இனி ‘சைபர் கிரைம் அதிகாரி பேசுகிறேன், பணத்தை மீட்டுத்தருகிறேன், கட்டணம் செலுத்துங்கள்’ என்றும் அப்பாவுக்கு அழைப்பு வரலாம். ஒரு ரூபாயும் கட்டாமல், அந்த எண்ணையும் பழைய புகாரின் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள்.