சோளத்துக்கு வெள்ளி பிளாஸ்டிக் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், தோட்ட வீடுகளுக்குப் பின்னால் அரை ஏக்கரில் இனிப்புச் சோளம் போட்டு பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிறோம். வெள்ளி-கறுப்பு பிளாஸ்டிக் விரித்தால் விளைச்சல் 30 விழுக்காடு கூடும், தண்ணீர் பாதி மிச்சம் என்கிறார்கள் உரக்கடையில். வாங்கலாமா?

பதில்: அரை ஏக்கர் முழுவதற்கும் வாங்கிவிடாதீர்கள் அம்மா. கடையில் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது எந்த ஊர்க் கணக்கு? பிளாஸ்டிக் மூடாக்கு, அதாவது செடியைச் சுற்றி மண்ணை மூடும் விரிப்பு, சோள விளைச்சலை அப்படித் தூக்கிவிடுவது சீனாவின் கான்சு மாதிரி வறண்ட, குளிர்ந்த மேட்டு நிலங்களில். அங்கே ஈரமும் போதாது, விதைக்கும் நேரத்தில் மண்ணில் சூடும் போதாது. நமக்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சூட்டுக்கும் குறைவில்லை.

தண்ணீர் விஷயத்தையும் பாருங்கள். மூடாக்கு தடுப்பது வெறும் மண்ணிலிருந்து ஆவியாகும் ஈரத்தைத்தான். இலை வழியாகப் போகும் நீரை அது தடுக்காது. அதனால் செடி சின்னதாக இருக்கும்போதுதான் மிச்சம் அதிகம். பூவெடுத்து கதிரில் நூல் விடும் சமயத்தில் பத்து நாள் மழை இல்லாவிட்டால், மூடாக்கு இருந்தாலும் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். அப்போது வாடினால் கதிரில் மணி பிடிக்காது.

முதலில், காசில்லாமல் கிடைப்பதைப் போடுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலைகளை எடுத்து வாருங்கள். அதில் பொட்டாசியம் நிறைய உண்டு. நாற்று எழுந்ததும் வரிசைகளுக்கு நடுவே ஒரே அடுக்காகப் பரப்புங்கள். தண்டில் ஒட்டக் கூடாது. குவியலாகப் போட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும், பக்கத்துச் செம்பனைக் கன்றுகளுக்குத்தான் ஆபத்து. மட்கும்போது குலை மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். இலை வெளுத்தால் யூரியா கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். குலை கிடைக்காவிட்டால் விதை கட்டாத லாலான் புல், போன பட்டத்துச் சோளத்தட்டை எதுவும் போதும்.

பிளாஸ்டிக்கில் நல்லதே இல்லை என்று சொல்லவில்லை. களையெடுக்க ஆள் இல்லையென்றால் பெரிய உதவி. கனமழையில் உரம் கரைந்து ஓடுவதும் குறையும். ஆனால் அடியுரத்தை விரிப்பதற்கு முன்பே போட்டாக வேண்டும். கோரைப் புல் பிளாஸ்டிக்கையும் குத்திக்கொண்டு மேலே வரும். அப்படியும் வேண்டுமென்றால் நாலு பாத்திக்கு மட்டும் போட்டு, மற்றதோடு கதிரை எண்ணிப் பாருங்கள். வெள்ளிப் பக்கம் மேலே இருக்கட்டும்.

வாங்கும்போது ரோலை எடை போடச் சொல்லுங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1.2 மீட்டர் அகலம், 400 மீட்டர் நீளம், 30 மைக்ரான் தடிப்பு என்றால் உள்ளே இருக்கும் அட்டைக்குழாய் போக 13 கிலோ வர வேண்டும். 9 கிலோதான் நின்றால் அது 20 மைக்ரான். அறுவடைக்குப் பின் உருவும்போது கிழிந்து மண்ணிலேயே தங்கிவிடும். மைக்ரானும் நீளமும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய பிளாஸ்டிக்கைக் கொல்லையில் கொளுத்தாதீர்கள்; திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம்.